சாம் ஹூஸ்டன்: எல்லைப்புறம் வளர்த்த தலைவர்

ஹூஸ்டன் என்றால் நமக்கு நாசா நினைவுக்கு வரும். அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் பியர்லேண்டில் உள்ள மீனாட்சி கோயிலும் நினைவுக்கு வரலாம். அந்த நகரத்துக்குப் பெயர் கொடுத்தவர் சாம் ஹூஸ்டன். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாதவர். பல வருடங்கள் மொடாக் குடிகாரர். ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைத் தலைநகரத்துச் சாலையில் வைத்துக் கைத்தடியால் விளாசியவர். அதே ஆள் இரண்டு மாநிலங்களில் கவர்னராக இருந்தார், ஒரு தனி நாட்டுக்கு இரண்டு முறை ஜனாதிபதியானார், பதின்மூன்று வருடம் அமெரிக்க செனட்டில் உட்கார்ந்தார்.

இப்படி ஒரு வாழ்க்கை எப்படிச் சாத்தியமானது? ஆளின் திறமை ஒரு பங்குதான். மிச்சத்தை அவர் பிறந்து வளர்ந்த எல்லைப்புறம் செய்தது. அது எப்படி இயங்கியது என்று புரிந்தால் அவரும் புரிவார், 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலும் பாதி புரிந்துவிடும்.

எல்லைப்புறம் எப்படி இயங்கியது

வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுகிற எல்லையை இங்கே மறந்துவிடுங்கள். இது மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்த ஒரு நிலப்பட்டை. 1790-களில் அது அப்பலாச்சியன் மலைகளைத் தாண்டி டென்னசியில் இருந்தது. 1810-களில் அலபாமா, 1830-களில் டெக்சாஸ். அந்தப் பட்டைக்குள் நிலம் யாருக்குச் சொந்தம் என்பது முடிவாகியிருக்காது. பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்துகொண்டிருப்பார்கள். வெள்ளைக் குடியேறிகள் முதலில் வந்து குடிசை போடுவார்கள், சண்டை வரும், பிறகு அரசாங்கம் வந்து, ‘ஒப்பந்தம்’ என்ற பெயரில் அந்த நிலத்தை எழுதி வாங்கும். பல இடங்களில் இந்த வரிசையில்தான் நடந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று நிலம். பருத்தி விலை போன காலம் அது. தெற்கில் மலிவான நிலமும் அடிமைகளும் கையில் இருந்தால் பத்து வருடத்தில் பணக்காரனாகலாம் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. ஆகவே எல்லைப்புறத்தில் அரசியல் பேசுவது என்றால் பெரும்பாலும் நிலம் பேசுவதுதான்.

இன்னொன்று மிலிஷியா, அதாவது ஊர்ப்படை. 1792-ஆம் வருடச் சட்டப்படி 18 முதல் 45 வயது வரை உள்ள, உடல் திடமான வெள்ளைக்கார ஆண் குடிமக்கள் அதில் பெயர் பதிய வேண்டும். துப்பாக்கியும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும். எல்லைப்புற மாநிலங்களில் இந்தப் படையின் அதிகாரிகள் பெரும்பாலும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். நம் ஊரில் சங்கத் தேர்தலில் ஜெயித்து, அப்புறம் கவுன்சிலராகி, அப்புறம் எம்.எல்.ஏ. சீட்டு கேட்பதைப் போல, அங்கே கேப்டனாகி, கர்னலாகி, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். கட்சிக் கிளை இல்லாத ஊரிலும் படைக் கம்பெனி இருந்தது. போர்வீரனும் அரசியல்வாதியும் ஒரே ஆளாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஓடிப்போன பையன்

சாம் ஹூஸ்டன் 1793 மார்ச் 2 அன்று வர்ஜீனியாவின் ராக்பிரிட்ஜ் கவுண்டியில் பிறந்தார். அப்பா மிலிஷியா அதிகாரி. அந்த வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியதில் பண்ணை கடனில் மூழ்கியது. அவர் இறந்ததும் அம்மா எலிசபெத், ஒன்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலை தாண்டி டென்னசியில் மேரிவில் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலம் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை.

அண்ணன்மார்கள் பையனைப் பண்ணை வேலைக்கும் கடை வேலைக்கும் இழுத்தார்கள். அவனுக்கோ கிரேக்கக் காவியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வதில்தான் விருப்பம். 1809-இல், பதினாறு வயதில், வீட்டை விட்டு ஓடி செரோக்கிகளிடம் போய்ச் சேர்ந்தான். ஹிவாசி ஆற்றுத் தீவில் ஊலூட்டேகா என்ற தலைவர் அவனைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் அவரை ஜான் ஜாலி என்று கூப்பிட்டார்கள். பையனுக்கு அண்டங்காக்கை என்று பொருள்படும் செரோக்கிப் பெயர் கிடைத்தது. அவர்கள் மொழியைக் கற்றான். மூன்று வருடம் போல அங்கேயே இருந்தான், நடுநடுவே வீட்டுக்கு வந்து பரிசுப் பொருள் வாங்கக் கடன் வைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கடனை அடைக்க 1812-இல் மேரிவில் அருகே ஒரு மரக்கட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானார் ஹூஸ்டன். கட்டணம் எட்டு டாலர்: மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளமாக, ஒரு பங்கு பணமாக, ஒரு பங்கு பருத்தித் துணியாக. எல்லைப்புறப் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கையில் காசு கிடையாது, விளைச்சல்தான் காசு.

அம்பும் இரண்டு குண்டும்

1813-இல் பிரிட்டனுடன் போர் நடந்துகொண்டிருந்தபோது ராணுவத்தில் சேர்ந்தார். வயது இருபது. அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எலிசபெத் ஒரு துப்பாக்கியும், உள்பக்கம் ‘மானம்’ என்று பொறித்த ஒரு மோதிரமும் கொடுத்து அனுப்பினார். அந்த மோதிரத்தை ஹூஸ்டன் சாகும்வரை கழற்றவில்லை.

1814 மார்ச் 27. இன்றைய அலபாமாவில், தல்லப்பூசா ஆறு குதிரை லாடம் போல வளையும் இடத்தில் நடந்த சண்டை. ஒரு பக்கம் ஆண்ட்ரூ ஜாக்சனின் படை; அதில் செரோக்கி வீரர்களும் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் ‘சிவப்புத் தடிகள்’ எனப்பட்ட, கிரீக் என்ற பூர்வகுடியின் போராளிகள், ஆயிரம் பேர் அளவில். ஆற்று வளைவின் வாயை மரக்கட்டைகளால் அடைத்து அரண் கட்டியிருந்தார்கள். அதன்மேல் முதலில் ஏறியவர்களில் ஹூஸ்டனும் ஒருவர். ஏறிக் குதித்ததும் முள்ளம்பு ஒன்று தொடையின் மேல்பகுதியில் ஆழமாக இறங்கியது. பக்கத்தில் இருந்த லெப்டினன்டைப் பிடுங்கச் சொன்னார். இரண்டு முறை இழுத்தும் வரவில்லை. மூன்றாவது முறை கத்தியை ஓங்கி, ‘பிடுங்காவிட்டால் வெட்டுவேன்’ என்று மிரட்டினாராம். அம்பு சதையைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஜாக்சன் பார்த்துவிட்டு, இனி சண்டைக்குப் போகாதே என்று உத்தரவு போட்டார். ஹூஸ்டன் கேட்கவில்லை. சாயங்காலம் மறுபடி முன்னால் ஓடினார். வலது தோளிலும் கையிலும் இரண்டு குண்டுகள். பிழைக்க மாட்டார் என்று நினைத்து அன்றிரவு மருத்துவர்கள் அவரைத் தரையிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் புண் வாழ்நாள் முழுக்க முழுசாக ஆறவே இல்லை.

எதிர்ப்பக்கத்தில் எண்ணூறுக்கும் மேல் செத்தார்கள். அந்த வெற்றிக்குப் பிறகு கிரீக் மக்களிடமிருந்து ஜாக்சன் எழுதி வாங்கிய நிலம் இரண்டு கோடி ஏக்கருக்கும் மேல். தங்கள் பக்கம் நின்று சண்டை போட்ட கிரீக்குகளின் நிலத்தையும் சேர்த்துத்தான் வாங்கினார்.

ஹூஸ்டனுக்கு இந்தச் சண்டையில் கிடைத்தது ஜாக்சனின் நட்பு. எல்லைப்புறத்தில் மேலே ஏற ஒரு பெரிய மனிதரின் ஆதரவு வேண்டும். பின்னாளில் ஜனாதிபதியாகப் போகிறவரே ஆதரவாளரானால் கேட்கவா வேண்டும்?

ஏணி

1817-இல் ஜாக்சன் தரப்பு சிபாரிசில் செரோக்கிகளுக்கான அரசு துணை முகவர் வேலை வந்தது. ஊலூட்டேகாவின் குழுவை டென்னசியிலிருந்து அர்கன்சாவுக்கு இடம்பெயரச் சம்மதிக்க வைத்து அனுப்புவதுதான் பணி. தன்னைப் பிள்ளையாக வளர்த்தவரை அவருடைய சொந்த மண்ணைவிட்டு ஹூஸ்டனே வழியனுப்பினார். போகிறவர்களுக்குப் போர்வை, உணவு, துப்பாக்கி எல்லாம் ஒழுங்காகக் கிடைக்க அவர் உழைத்தது உண்மை. நிலம் கைமாறியதும் உண்மை. செரோக்கிகளின் நண்பர் என்று அவரைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1818-இல் செரோக்கிக் குழுவோடு வாஷிங்டன் போனபோது அவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு போனார். போர்த்துறைச் செயலர் ஜான் கால்ஹூன் அதற்காகத் திட்டினார். அடிமைகளைக் கடத்துகிறார் என்ற பொய்ப் புகாரும் சேர்ந்துகொள்ள, கோபத்தில் ராணுவ வேலையை விட்டார்.

அடுத்தது சட்டம். நாஷ்வில்லில் ஒரு வக்கீலிடம் பதினெட்டு மாதம் படிக்க வேண்டியதை ஆறு மாதத்தில் முடித்துப் பரீட்சை தேறினார். அப்போது சட்டக் கல்லூரி தேவையில்லை. ஒரு சீனியரின் அலுவலகத்தில் புத்தகம் படித்தால் போதும். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1821-இல் டென்னசி மிலிஷியாவின் மேஜர் ஜெனரலாகச் சக அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள். 1823-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1827-இல், 34 வயதில், டென்னசி கவர்னர். அங்கே கவர்னர் என்பவர் நம் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். ஆறடிக்கு மேல் உயரம், பளிச்சென்ற உடை, எடுப்பான குரல். ஜாக்சனுக்குப் பிறகு இவர்தான் ஜனாதிபதி என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

விழுந்ததும் எழுந்ததும்

1829 ஜனவரியில் எலைசா ஆலன் என்ற 19 வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். பதினோரு வாரத்தில் அந்தப் பெண் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் என்று இருவருமே கடைசிவரை வெளியே சொல்லவில்லை. ஏப்ரல் 16 அன்று ஹூஸ்டன் கவர்னர் பதவியை ராஜினாமா செய்து, மாறுவேடத்தில் படகேறி மேற்கே போனார். ஊலூட்டேகாவின் வீட்டுக்கு.

அங்கே செரோக்கிக் குடியுரிமை பெற்றார், டயானா ரோஜர்ஸ் என்ற செரோக்கிப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார், ஃபோர்ட் கிப்சன் அருகே கடை போட்டார், குடித்தார். அவர் குடித்த குடிக்குச் சுற்றியிருந்தவர்கள் ‘பெரிய குடிகாரன்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

மறுபடி எழுந்தது ஓர் அடிதடியால். பூர்வகுடிகளுக்கான ரேஷன் ஒப்பந்தத்தில் ஹூஸ்டன் மோசடி செய்யப் பார்த்தார் என்று ஒஹையோ உறுப்பினர் வில்லியம் ஸ்டான்பெரி சபையில் பேசினார். 1832 ஏப்ரல் 13 இரவு, வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் ஸ்டான்பெரியைப் பார்த்ததும் ஹூஸ்டன் தன் ஹிக்கரி மரக் கைத்தடியால் அடிக்க ஆரம்பித்தார். கீழே விழுந்த ஸ்டான்பெரி கைத்துப்பாக்கியை எடுத்து ஹூஸ்டனின் நெஞ்சில் வைத்து விசையை இழுத்தார். மருந்து பற்றவில்லை. அது பற்றியிருந்தால் டெக்சாஸின் வரலாறே வேறு.

பிரதிநிதிகள் சபையே அவரை விசாரித்தது. அவருடைய வக்கீல் பிரான்சிஸ் ஸ்காட் கீ, பின்னாளில் அமெரிக்காவின் தேசிய கீதமான வரிகளை எழுதியவர். தீர்ப்பு: சபாநாயகரின் கண்டனம். அப்புறம் நீதிமன்றம் 500 டாலர் அபராதம் போட்டது. அதை ஜனாதிபதி ஜாக்சன் தள்ளுபடி செய்தார். உள்ளூர் நீதிபதி முன் நிறுத்திப் பத்து டாலர் அபராதம் போட்டிருந்தால் நான் முடிந்திருப்பேன், தேசமே பார்க்கும் மேடையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார்கள் என்ற பொருளில் ஹூஸ்டன் பிறகு சொன்னார். மானத்துக்காக அடித்தவன் என்ற பேர், அந்த அரசியலில் அவமானம் இல்லை, மூலதனம்.

டெக்சாஸ்

அப்போது டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதி. ஆள் குறைவான அந்த மண்ணில் குடியேற 1820-களில் மெக்சிகோவே அமெரிக்கர்களை அழைத்தது. மேய்ச்சலுக்கென்று வரும் குடும்பத் தலைவருக்கு 4,428 ஏக்கர், சொற்பக் கட்டணத்தில். அமெரிக்காவில் அரசு நிலம் ஏக்கருக்கு 1.25 டாலர், குறைந்தது 80 ஏக்கராவது வாங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் வண்டி கட்டினார்கள். கடன்காரர்களிடமிருந்து தப்ப, வீட்டுக் கதவில் ‘டெக்சாஸுக்குப் போயாச்சு’ என்று சுருக்கமாக எழுதிவிட்டுக் கிளம்பியவர்களும் உண்டு. இரண்டாவது வாய்ப்பு தருகிற இடம் என்ற பெயர் எல்லைப்புறத்துக்கு இப்படித்தான் வந்தது. ஹூஸ்டனுக்கும் அது பொருந்தும். 1832 டிசம்பரில் ரெட் ஆற்றைத் தாண்டி உள்ளே போனார்.

குடியேறிகளுக்கும் மெக்சிகோவுக்கும் ஏன் முட்டிக்கொண்டது? 1830-இல் மெக்சிகோ அமெரிக்கக் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஜனாதிபதி சாண்டா அனா 1824 அரசியலமைப்பைத் தூக்கி எறிந்து, மாநிலங்களின் அதிகாரத்தைத் தலைநகருக்கு இழுத்துக்கொண்டார். சுதந்திரம் பறிபோகிறது என்று குடியேறிகள் சொன்னதில் உண்மை இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. மெக்சிகோ 1829-இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்சாஸுக்கு விலக்கு கிடைத்தாலும் அது எத்தனை நாளைக்கு என்ற பயம் பருத்திப் பண்ணைக்காரர்களுக்கு இருந்தது. டெக்சாஸ் தனி நாடானதும் அதன் அரசியலமைப்பு அடிமை முறைக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்தது. இதை விட்டுவிட்டு டெக்சாஸ் போரைச் சொல்வது கதையைப் பாதியில் நிறுத்துவது.

1836 மார்ச் 2 அன்று, ஹூஸ்டனின் 43-ஆவது பிறந்தநாளில், டெக்சாஸ் விடுதலைப் பிரகடனம் கையெழுத்தானது. இரண்டு நாளில் அவர் தலைமைத் தளபதி. மார்ச் 6 அன்று அலமோ கோட்டை விழுந்தது. உள்ளே போரிட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள். மார்ச் 27 அன்று கோலியாட் என்ற இடத்தில், சரணடைந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளைச் சாண்டா அனாவின் உத்தரவின்படி சுட்டுக்கொன்றார்கள்.

ஹூஸ்டன் என்ன செய்தார்? பின்வாங்கினார். கொன்சாலஸ் ஊரைக் கொளுத்திவிட்டு கிழக்கே நடந்தார். கொலராடோ ஆறு, பிராசோஸ் ஆறு என்று ஒவ்வொன்றாகத் தாண்டினார். குடியேறிய குடும்பங்கள் மழையிலும் சேற்றிலும் வண்டிகளோடு முன்னால் ஓடின. வழியில் நோயில் பலர் செத்தார்கள். வீரர்கள் முகத்துக்கு நேராகவே கோழை என்றார்கள். இடைக்கால ஜனாதிபதி டேவிட் பர்னெட், எதிரி உன்னைப் பார்த்துச் சிரிக்கிறான், இனிப் பின்வாங்காதே, சண்டை போடு என்று கடிதம் எழுதினார். ஹூஸ்டன் பிராசோஸ் கரையில் ஒரு பண்ணையில் இரண்டு வாரம் போல உட்கார்ந்து, படைப்பயிற்சியே இல்லாத ஆட்களுக்கு வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்தார். சின்சினாட்டி மக்கள் அனுப்பிய இரண்டு சிறு பீரங்கிகள் அங்கேதான் வந்து சேர்ந்தன.

என் கணக்கில் அவர் வாழ்க்கையின் சிறந்த ராணுவ முடிவு இந்தப் பின்வாங்கல்தான். ஒரே ஒரு படைதான் இருக்கிறது, அது தோற்றால் நாடே இல்லை. அப்படிப்பட்டவன் எதிரி களைத்துப் பிரியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசியில் ஒரு பாதைப் பிரிவில், எதிரி இருந்த ஹாரிஸ்பர்க் பக்கம் திரும்பியது தளபதியின் உத்தரவாலா, வீரர்கள் தாங்களாகவே திரும்பியதாலா என்று அன்றே வாதம் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

எதிரி பிரியத்தான் செய்தான். டெக்சாஸ் அரசைப் பிடிக்கும் அவசரத்தில் சாண்டா அனா முக்கியப் படையை விட்டுவிட்டு ஒரு சிறு பகுதியோடு முன்னால் வந்துவிட்டார். ஏப்ரல் 21, சான் ஹசின்டோ. காலையில் அவருக்கு உதவிப்படை வந்து சேர்ந்திருந்தது, நடந்து களைத்தவர்கள். ஹூஸ்டன், வின்ஸ் ஓடைப் பாலத்தை உடைக்க ஆள் அனுப்பினார். இனி இருதரப்புக்கும் எளிதில் திரும்பிப் போக வழியில்லை. மதியம் சாய்ந்த நேரம், மெக்சிகோ முகாம் ஓய்வில் இருந்தது. உயரமான புல்லும் நடுவில் ஒரு மேடும் மறைக்க, தொள்ளாயிரம் பேர் போல நடந்து போய், அலமோவை மறவாதே என்று கத்திக்கொண்டே பாய்ந்தார்கள். சண்டை பதினெட்டு நிமிடம்தான் என்று ஹூஸ்டனே அறிக்கையில் எழுதினார். கொலை அதற்குப் பிறகும் நீண்டது. சரணடையக் கைதூக்கியவர்களையும், தண்ணீரில் குதித்தவர்களையும் சுட்டார்கள். அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை. மெக்சிகோ தரப்பில் 630 பேர் சாவு, 730 பேர் கைது என்று அவர் கணக்கு. டெக்சாஸ் தரப்பில் இறந்தவர்கள் ஒன்பது பேர். ஹூஸ்டனுக்குக் கணுக்காலில் குண்டு.

மறுநாள் ஒரு சாதாரண வீரனின் உடையில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மற்றக் கைதிகள் அவனைப் பார்த்ததும் ‘எல் பிரெசிடெண்டே’ என்று எழுந்து நிற்க, குட்டு உடைந்தது. வீரர்கள் சாண்டா அனாவைத் தூக்கில் போடச் சொன்னார்கள். கருவாலி மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருந்த ஹூஸ்டன் மறுத்தார். இன்னும் சில ஆயிரம் மெக்சிகோ வீரர்கள் டெக்சாஸுக்குள் இருந்தார்கள். உயிரோடு இருக்கும் சாண்டா அனாதான் அவர்களைத் திரும்பிப் போகச் சொல்லிக் கடிதம் எழுத முடியும். எழுதினார். அவர்களும் போனார்கள்.

இந்தப் போரில் டெக்சாஸ் பக்கம் நின்ற மெக்சிகோ வம்சத்தவர்களும் உண்டு. ஹுவான் செகீன் தன் கம்பெனியோடு சான் ஹசின்டோவில் போரிட்டார். ஆறே வருடத்தில், துரோகி என்ற பழியோடு மெக்சிகோவுக்கு ஓடவேண்டி வந்தது அவருக்கு. எல்லைப்புறம் யாருக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்தது, யாருக்குக் கொடுக்கவில்லை என்பதை அவரைக் கேட்டால் சொல்லியிருப்பார்.

ஜனாதிபதியும் செனட்டரும்

செப்டம்பர் 1836 தேர்தலில் ஹூஸ்டனுக்கு 5,119 ஓட்டு. டெக்சாஸ் குடியேற்றத்தையே தொடங்கிவைத்த ஸ்டீபன் ஆஸ்டினுக்கு 587. கணுக்காலில் பட்ட குண்டுக்கு முன்னால் பதினைந்து வருட நிர்வாக உழைப்பு எடுபடவில்லை. ஆலன் சகோதரர்கள் என்ற நில வியாபாரிகள் அந்த வருடம் ஒரு சதுப்பு ஓடைக்கரையில் மனை போட்டு, ஜெயித்த தளபதியின் பெயரை வைத்தார்கள். விற்பனைக்கு வைத்த பெயர்தான் இன்றைய ஹூஸ்டன்.

போருக்குச் சற்று முன், 1836 பிப்ரவரியில், கிழக்கு டெக்சாஸ் செரோக்கிகளுக்கு நிலம் உறுதி செய்து தலைவர் போல்ஸுடன் ஹூஸ்டன் ஒப்பந்தம் போட்டிருந்தார். போர்க்காலத்தில் அவர்கள் அமைதியாக இருந்ததற்கு அது ஒரு காரணம். வெற்றிக்குப் பிறகு டெக்சாஸ் செனட் அதை ரத்து செய்தது. அடுத்த ஜனாதிபதி மிராபோ லமார் 1839-இல் படை அனுப்பி அவர்களைத் துரத்தினார். எண்பது வயதைத் தாண்டிய போல்ஸ், ஹூஸ்டன் பரிசளித்த வாளோடு போர்க்களத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஹூஸ்டன் கடுமையாகப் பேசினார். அதனால் எதுவும் மாறவில்லை. தன் ஓட்டர்களின் நிலப்பசிக்கு எதிரே, ஜெயித்த தளபதியாலும் ஒரு காகிதத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

1840-இல் அலபாமாவின் மார்கரெட் லீயைக் கல்யாணம் செய்தார். அவருக்கு 47, மார்கரெட்டுக்கு 21. எட்டுப் பிள்ளைகள். குடி நின்றது. 1854-இல் மார்கரெட்டின் ஆசைப்படி ஓர் ஓடையில் ஞானஸ்நானம் எடுத்தார். பாவமெல்லாம் கழுவப்பட்டது என்று யாரோ சொல்ல, அப்படியானால் கீழே இருக்கிற மீன்களை ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும் என்றாராம்.

1845 இறுதியில் டெக்சாஸ் அமெரிக்காவோடு சேர்ந்தது. ஹூஸ்டன் செனட்டரானார். சிறுத்தைத் தோலில் தைத்த மேற்சட்டையோடு வந்து, மற்றவர்கள் பேசும்போது மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருப்பார். ஓட்டுப் போடுவதில் மட்டும் விளையாட்டு இல்லை. 1854-இல் கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் வந்தது. அடிமை முறை போகக்கூடாது என்று விலக்கி வைத்திருந்த வடக்குப் பகுதியையும் அது திறந்துவிட்டது. தெற்கு ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஹூஸ்டன் ஒருவர்தான். அந்த நிலத்தில் வாழும் பூர்வகுடிகளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவதாகவும் சபையில் வாதாடினார். டெக்சாஸ் சட்டசபை அவரைக் கண்டித்து, பிறகு செனட் இடத்தையும் பறித்தது.

இதை வைத்து அவரை அடிமை ஒழிப்பாளர் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. அவர் வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு அடிமைகள் இருந்தார்கள். அடிமை முறையைப் பரப்பப் போய் நாடு உடையக்கூடாது என்பதுதான் அவர் நிலைப்பாடு. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களை வெறுத்த கட்சி ஒன்றோடு கொஞ்ச காலம் உறவாடியதும் அவர்தான். தேறாத பக்கங்கள் அவரிடம் நிறையவே உண்டு.

கடைசி மறுப்பு

1857-இல் கவர்னர் தேர்தலில் தோற்றார். 1859-இல் அதே எதிராளியைத் தோற்கடித்தார். இரண்டு வேறு மாநில மக்கள் கவர்னராகத் தேர்ந்தெடுத்த ஒரே அமெரிக்கர் அவர். லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததும் தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தன. 1861 பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ் மாநாடு 166-க்கு 8 என்று பிரிவினைக்கு ஓட்டுப் போட்டது. ஓட்டுப் போட்ட மக்களிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அதை ஒப்புக்கொண்டார்கள்.

மார்ச் 16. மாநில அதிகாரிகள், பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். மாநாட்டு மேடையிலிருந்து ஹூஸ்டனின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டிருந்தார். மேலே ஏறி வரவில்லை. பதவி காலி என்று அறிவித்து, துணை கவர்னர் எட்வர்ட் கிளார்க்கை உட்கார வைத்தார்கள். பதவியில் நிலைக்கப் படை அனுப்புகிறேன் என்று லிங்கனிடமிருந்து வந்த யோசனையையும் ஹூஸ்டன் ஏற்கவில்லை. சொந்த மக்களைச் சுட்டு நாற்காலியில் உட்கார அவருக்கு மனமில்லை. ஏப்ரலில் கால்வெஸ்டனில் கூட்டத்தின் முன் நின்று, லட்சக்கணக்கில் உயிரும் கோடிக்கணக்கில் சொத்தும் போகும், வடக்கத்தியர்கள் மெதுவாகத்தான் கிளம்புவார்கள், கிளம்பினால் நிற்க மாட்டார்கள் என்ற அர்த்தத்தில் எச்சரித்தார்.

மூத்த மகன் சாம் தெற்குப் படையில் சேர்ந்து, 1862-இல் ஷைலோ சண்டையில் காயப்பட்டு, எதிரியிடம் கைதாகி, உயிரோடு திரும்பினான். அப்பா 1863 ஜூலை 26 அன்று ஹன்ட்ஸ்வில்லில், நீராவிப் படகு மாதிரி கட்டிய ஒரு வாடகை வீட்டில், நிமோனியாவில் இறந்தார். மார்கரெட் அந்த மோதிரத்தைக் கழற்றிப் பிள்ளைகளிடம் உள்பக்க எழுத்தைக் காட்டினார்.

அந்த வீட்டில் அடிமையாக இருந்தவர்களில் ஒருவர் ஜோஷுவா. மார்கரெட்டுக்கு அவருடைய அப்பா எழுதிவைத்த சொத்தாக டெக்சாஸுக்கு வந்தவர், கொல்லர், வண்டியோட்டி. எழுதப் படிக்கக் கற்றிருந்தார். விடுதலைக்குப் பிறகு ஹூஸ்டன் என்ற பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். ஹன்ட்ஸ்வில்லில் பட்டறை போட்டார், நகர மன்றத்தில் இடம் பெற்றார், 1878-இலும் 1882-இலும் வாக்கர் கவுண்டி கமிஷனராக ஓட்டில் ஜெயித்தார். அவருக்கு முன்னால் மிலிஷியா ஏணி எதுவும் இருக்கவில்லை. அவர் மகன் சாமுவேல் வாக்கர் ஹூஸ்டன் அதே கவுண்டியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார்.